ஜனவரியில் எந்தக் கரடி?

நார்த் ஃபோர்க், மொன்டானா
செப்டம்பர் 9, 1984

அன்புள்ள மெர்ல் அண்ணாவுக்கு,

உன் தங்கை ஓப்பல் எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சான் வெர்னும் ஒன்பது கோவேறு கழுதைகளும் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அலாஸ்கா குளிர் அதற்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. நீ கேட்கிற ஆளா?

இந்த வருஷம் காட்டில் ஹக்கிள்பெர்ரி சரியாகக் காய்க்கவில்லை. அதனால் ஜாம் இரண்டே பாட்டில்தான் அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கரடிகளுக்கும் பழம் போதவில்லை. எல்லாம் கீழே இறங்கி நம் ஆப்பிள் மரத்தடிக்கு வந்துவிட்டன. போன வாரம் ஒரு கிரிஸ்லிக் கரடி கோழிக்கூட்டுக் கதவைப் பிய்த்து வீசிவிட்டது. மூன்று கோழி போச்சு.

துப்பாக்கி பழுது பார்த்தே தலை நரைத்தவன் நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் சொந்தமாக ஒரு ரிவால்வர் வாங்கப் போகிறேன். 357 மேக்னம் வாங்கட்டுமா, 44 மேக்னம் வாங்கட்டுமா? எது எனக்குச் சரிப்படும்? காரணத்தோடு எழுது. சும்மா "இதை வாங்கு" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே.

வெர்னிடம் சொல்லாதே. கடிதத்தை என் பெயருக்கே போடு. கடைக்குப் போய்த் தபால் எடுத்து வருவது நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஓப்பல்

---

யூக்கான் ஆற்றங்கரை, அலாஸ்கா
அக்டோபர் 2, 1984

அன்புத் தங்கை ஓப்பலுக்கு,

ஜாம் வந்தது. ஒரு பாட்டில் அன்றைக்கே காலி. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அது என்னுடையதுதானே, வலித்துவிட்டுப் போகட்டும். உன் வாய்வலி குறைந்ததா? வெர்ன் எப்படி இருக்கிறான்?

நல்ல கேள்வி கேட்டாய் போ! இதே கேள்வியால் என் கடையில் இரண்டு கிழவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். லார்ஸ் சொல்வான்: "மூணு அம்பத்தேழால கரடியைச் சுட்டா அதுக்குக் கோபந்தான்டா வரும்." எமிட் விடமாட்டான்: "நாப்பத்திநாலைப் பிடிக்கத் தெரியாதவன் கையில குடுத்துப் பாரு. கரடி நிக்கும், அதுக்கு மேல இருக்கிற மேகந்தான் சாகும்." இரண்டு பேரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கிரிஸ்லிக்கு 44. கனமான குண்டு, எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆனால் உதைக்கும். உன் மணிக்கட்டு குருவி மணிக்கட்டு. 357 அவ்வளவு உதைக்காது. அதில் இன்னொரு வசதியும் உண்டு. 38 ஸ்பெஷல் என்கிற குட்டைத் தோட்டாவையும் அதில் போட்டுச் சுடலாம். சத்தம் கம்மி, உதை கம்மி, விலையும் கம்மி. குட்டையில் பழகிவிட்டு, காட்டுக்குப் போகும்போது நீளத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு போவார்கள். தவறிப்போகிற 44-ஐ விட, போய்ப் படுகிற 357 மேல். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன். வெர்னிடம்தான் ஒரு 44 இருக்கிறதே! அதை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு? அதுவும் அவனுக்குத் தெரியாமல் எதற்கு? வெர்னும் நானும் ஒரே போர்வையில் படுத்து வேட்டையாடினவர்கள். அவனிடம் மறைக்கிற விஷயத்தில் என்னைச் சேர்க்கிறாய் என்றால் காரணத்தையாவது சொல்.

அன்புடன்,
மெர்ல்

---

நார்த் ஃபோர்க்
நவம்பர் 4, 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. நாங்கள் சுகம். நீ அனுப்பிய புகைபோட்ட சால்மன் மீனுக்கு நன்றி. வெர்ன் தோல்வரைக்கும் தின்றார்.

357 வாங்கிவிட்டேன். இங்கே பக்கத்துக் கடையில் வாங்கவில்லை. அந்தக் கடைக்காரனுக்கு வாய் ஓட்டை. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வாங்கினேன். வெர்னின் 44-ஐ ஒரு தடவை தொழுவத்துக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தேன் அண்ணா. துப்பாக்கி திரும்பி வந்து என் நெற்றியிலேயே இடித்தது. அது எனக்கு வேண்டாம். என் 357 இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

இன்னும் சில விஷயம் கேட்க வேண்டும். 357 தோட்டா ஓர் உடம்பில் பட்டால் உள்ளேயே நின்றுவிடுமா, துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுமா? 44 எப்படி? அப்புறம், கோட்டுக்கு உள்ளே, வெளியே துருத்தாமல் மாட்டிக்கொள்ள எந்த உறை நல்லது? பின்னால் நடந்து வருகிறவளிடம் துப்பாக்கி இருப்பது முன்னால் போகிறவருக்குத் தெரியக்கூடாது.

வெர்ன் தாடி விட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் இல்லாத புதுசு. காபியும் அரைக் கோப்பைதான் குடிக்கிறார். "நிறைய ஊத்தாத ஓப்பல், வயித்துக்கு ஆகல" என்கிறார். வியாழன்தோறும் வைக்கோல் பார்க்க டவுனுக்குப் போகிறார். வைக்கோல் வந்த பாடில்லை. நான் கேட்பதில்லை.

காரணம் கேட்டாய். கரடிதான். வேறென்ன?

உன் ஓப்பல்

---

யூக்கான் ஆற்றங்கரை
டிசம்பர் 1, 1984

அன்புத் தங்கைக்கு,

இங்கே ஆறு உறைந்துவிட்டது. தபால் விமானம் இப்போது பனிமேல் சறுக்கி இறங்குகிறது. நான் உயிரோடு இருக்கிறேன், அதுவே சௌக்கியம்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து உங்கள் இருவருக்கும்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்.

கரடிக்கு என்றால் கெட்டியான ஈயக் குண்டு வாங்க வேண்டும். அது ஆழமாகப் போகும், துளைத்துக்கொண்டு வெளியேயும் போகலாம். கரடியிடம் போனால் போகட்டுமே என்றுதான் எவனும் நினைப்பான். "உள்ளேயே நின்றுவிடுமா" என்று கரடி வேட்டைக்காரன் ஒருத்தன்கூட என்னைக் கேட்டதில்லை. அதைக் கேட்கிறவர்கள் போலீஸ்காரர்கள்தான், வீட்டுக்குள் சுட நினைக்கிறவர்கள்தான். கோட்டுக்குள் மறைக்கிற உறையும் அப்படித்தான். எந்தக் கரடி உன் இடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வழி மாறிப் போகும்?

முன்னால் போகிறவர் என்று எழுதியிருக்கிறாயே, யார் அவர்?

டவுனில் அந்த டெலோரஸ் இன்னும் காபிக் கடை நடத்துகிறாளா? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான். ஒரு மனுஷன் ஐம்பத்தெட்டு வயசில் தாடி விடுகிறான், வியாழக்கிழமை வியாழக்கிழமை கிளம்பிப் போகிறான் என்றால் எனக்கும் புரியாமல் இல்லை. அவள் விஷயமாக நீ அவன்மேல் வறுசட்டியை வீசினபோது நானும் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். உன் குறி தப்பாது என்று எனக்குத் தெரியும், ஓப்பல். அவன் குனிந்ததால் பிழைத்தான், கதவு நிலையில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கும்.

ஏதாவது இருந்தால் அண்ணனிடம் சொல். நான் கோபப்படமாட்டேன்.

மெர்ல்

---

நார்த் ஃபோர்க்
ஜனவரி 6, 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷ வாழ்த்து. முட்டிக்குக் கம்பளி உறை பின்னி இத்துடன் அனுப்புகிறேன். கழற்றாமல் போட்டுக்கொள்.

இங்கே ஜன்னல் மட்டத்துக்குப் பனி. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மூத்த கழுதை ஜூனிபருக்கு இருமல், இப்போது தேவலை. பழைய மரமில்லில் கூரை இடிந்து விழுந்துவிட்டது, மரத்தூள் குவியல் மட்டும் மலையாட்டம் நிற்கிறது.

டெலோரஸ் நன்றாக இருக்கிறாள். அவள் சுடுகிற ஆப்பிள் பை பலகாரம் இன்னும் அதே செருப்புத் தோல்தான்.

குளிர்காலம் போவதற்குள் நான் கைப்பழக்கம் எல்லாம் முடித்துவிட வேண்டும். வேலை நிறைய இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் ஓப்பல்

---

யூக்கான் ஆற்றங்கரை
பிப்ரவரி 3, 1985

ஓப்பலுக்கு,

முட்டி உறை கச்சிதம். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நன்றி.

கைப்பழக்கம் என்று எழுதினாயே, என்ன கைப்பழக்கம்? ஜனவரியில் எந்தக் கரடி? கரடி எல்லாம் குகைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அதுவும் நமக்குத் தெரியாதா?

இன்னொன்று. வருஷா வருஷம் உன் கிறிஸ்துமஸ் அட்டையின் அடியில் வெர்ன் ஒரு கழுதை வரைந்து கையெழுத்துப் போடுவான். கழுதை முகம் என்னைப் போலவே இருக்கும். இருபத்தெட்டு கழுதை வைத்திருக்கிறேன். இந்த வருஷ அட்டையில் கழுதையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவன் பெயரையும் நீயே எழுதியிருக்கிறாய். ஏன்? அவன் வீட்டில்தானே இருக்கிறான்? உங்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா?

டெலோரஸ் பற்றிக் கேட்டதற்கு ஆப்பிள் பையைப் பற்றி எழுதுகிறாய். என்னை என்ன பச்சைப் பிள்ளை என்று நினைத்தாயா?

வெர்னை ஒரு வரி எழுதச் சொல். ஒரே வரி. அது வருகிறவரை எனக்குத் தூக்கம் பிடிக்காது.

மெர்ல்

---

நார்த் ஃபோர்க்
மார்ச் 3, 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெர்னும் சுகம், வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு எழுத நேரமில்லை, சேணத்தை எல்லாம் தைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊசியில் நூல் மட்டும் நான் கோத்துத் தருகிறேன்.

ஓர் அவசர சந்தேகம். என் 357-ல் நீளத் தோட்டா முழுசாக உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. கால்வாசி வெளியே நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் அழுத்தினாலும் போகவில்லை, தோட்டா போடுகிற சிலிண்டர் மூட மறுக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டேன். புதுத் துப்பாக்கிக்கு என்ன வந்தது? எப்படிச் சரி செய்வது? வாங்கின கடைக்கு எடுத்துப் போகலாம் என்றால் வழி முழுக்கச் சேறு, வண்டி இறங்கினால் ஏறாது. பக்கத்துக் கடைக்காரனிடம் காட்டினால் அன்றைக்கே வெர்ன் காதுக்குப் போய்விடும்.

மே மாதம் வெர்ன் கழுதைகளோடு மலை மேல் வன இலாகா குடிசைகளுக்குச் சாமான் ஏற்றுகிறார். இந்தத் தடவை சமையலுக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் சரியாக வேண்டும். உடனே எழுது.

உன் ஓப்பல்

---

யூக்கான் ஆற்றங்கரை
மார்ச் 19, 1985

அன்புள்ள வெர்னுக்கு,

உனக்கு நான் தனியாக எழுதுகிற முதல் கடிதம் இது. சௌக்கியமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன், ஆனால் இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

ஓப்பல் என் கூடப்பிறந்தவள். இதை எழுத என் கை கூசுகிறது. போன இலையுதிர் காலத்தில் அவள் உனக்குத் தெரியாமல் ஒரு 357 வாங்கியிருக்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். தோட்டா ஓர் உடம்புக்குள்ளேயே நிற்குமா என்று கேட்டாள். முன்னால் நடக்கிறவருக்குத் தெரியாமல் மறைத்து வைக்க உறை கேட்டாள். ஒரு தடவைகூடச் சுடவில்லை என்று நவம்பரில் எழுதினாள். இப்போது நீளத் தோட்டா உள்ளே இறங்கவில்லை என்கிறாள். எனக்கு அது ஒன்றே போதும், வெர்ன். குட்டைத் தோட்டாவை நூற்றுக்கணக்கில் சுட்டால்தான் சிலிண்டர் ஓட்டைக்குள் ஈயமும் கரியும் வளையமாகப் படியும். நீளத் தோட்டா அந்த வளையத்தில் முட்டி நின்றுவிடும். குளிர்காலம் முழுக்க, கரடி தூங்குகிற மாதத்தில், உனக்குத் தெரியாமல் எங்கேயோ நின்று சுட்டுப் பழகியிருக்கிறாள்.

அதைச் சுத்தம் செய்ய இரண்டு நிமிஷம் போதும். எப்படி என்று அவளுக்கு நான் சொல்லப் போவதில்லை.

வியாழக்கிழமை சமாச்சாரம் ஏதாவது இருந்தால் நிறுத்திக்கொள். நான் நியாயம் பேச வரவில்லை. மே மாதம் காட்டுக்குப் போகும்போது அவளை உன் பின்னால் நடக்க விடாதே. எனக்குப் பதில் போடு.

மெர்ல்

---

நார்த் ஃபோர்க்
ஏப்ரல் 10, 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு முட்டிவலி தேவலையா? பனி உருகி ஓடை நிரம்ப ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இருவரும் சுகம்.

என் மார்ச் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லையோ என்னவோ. அதனால் மறுபடி கேட்கிறேன். நீளத் தோட்டா உள்ளே போகவில்லை. எப்படிச் சுத்தம் செய்வது? ஒரு வரி எழுதினால் போதும். நாங்கள் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ இன்றைக்கு எழுதினாலும் வந்து சேர்ந்துவிடும்.

என்னைப் பற்றி முழுசாகத் தெரிந்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா.

உன் ஓப்பல்

---

மொன்டானா, ஆஸ்பத்திரியிலிருந்து
மே 29, 1985

மச்சானுக்கு,

வெர்ன் எழுதுகிறேன். பென்சிலை இரண்டு கையாலும் பிடித்து எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். கோபப்படாமல் மெதுவாகப் படி, எனக்கு ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது. ஓப்பல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். அவள் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது.

இனி அவள் சொன்னது: அண்ணா, நாங்கள் பிழைத்துவிட்டோம். மே 18 அன்று இரண்டாவது குடிசைக்குப் போகிற வழியில் ஒரு தாய்க் கரடி, குட்டியோடு. குளிரில் செத்த எல்க் மான் ஒன்றைத் தின்றுகொண்டு புதருக்குள் இருந்திருக்கிறது. நான் வரிசைக்கு முன்னால், வெர்ன் கடைசியில், நடுவில் ஐந்து கழுதை. அது வெர்ன் பக்கம்தான் பாய்ந்தது. அவர் 44-ஐ உருவினார், அது கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. கழுதைகள் மிரண்டு வழியை அடைத்துக்கொண்டன. நான் அவற்றின் வயிற்றுக்கடியில் நுழைந்து ஓடி வருவதற்குள் அது வெர்ன் காலைக் கவ்விவிட்டது. என் 357-ல் இருந்தது குட்டைத் தோட்டா ஆறும்தான். நீளம் உள்ளே போகவில்லையே! ஆறும் பட்டது. அது காலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது, விழவில்லை. கீழே கிடந்த 44-ஐ எடுத்தேன். ஒரு தடவை சுட்டேன். அது விழுந்தது. துப்பாக்கி உதைத்த உதையில் கை கல்லில் மோதி மணிக்கட்டு போயிற்று. லார்ஸிடம் சொல்லு, அவர் சொன்னதுதான் சரி. எமிட்டிடமும் சொல்லு, அவர் சொன்னதும் சரிதான். இவ்வளவு நாள் ஏன் பதில் போடவில்லை அண்ணா?

அவள் சொன்னது முடிந்தது. இப்போது நர்ஸ் அவளைக் கையை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இது நான் எழுதுவது.

எனக்கு ஒரு வருஷமாகக் கை நடுங்குகிறது. வியாழக்கிழமைகளில் டாக்டரிடம் போனேன். சவரம் பண்ண முடியவில்லை, தாடி விட்டேன். கோப்பை நிறைய இருந்தால் தளும்பும். கழுதை வரைய உட்கார்ந்தேன், தவளை வந்தது, கிழித்துப் போட்டேன். வன இலாகாவுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஓப்பலுக்குக்கூடத் தெரியாது என்றுதான் நினைத்தேன். அவளோ முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். என் மானம் போகக்கூடாது என்று வாய் திறக்கவில்லை. என் கை சுட முடியாமல் போகிற அன்றைக்குப் பின்னால் நின்று சுடுவதற்காக அந்த மரத்தூள் குவியலில் குளிர்காலம் முழுக்கச் சுட்டுப் பழகியிருக்கிறாள். தோட்டா கரடியைத் துளைத்து அந்தப் பக்கம் நிற்கிற என்மேல் படுமோ என்றுதான் உன்னைக் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் இதெல்லாம் சொல்லி அழுதாள்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தேன் மச்சான். இரண்டாவது தடவை படித்தபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என்னால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. காட்டுக்குக் கிளம்பும்போது அவள், "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்றாள். நான், "இல்ல ஓப்பல், நீ முன்னாடி போ" என்றேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னால் வந்திருந்தால் என் பக்கத்திலேயே இருந்திருப்பாள்.

கால் பிழைத்தது, நொண்டுவேன். இங்கே டாக்டர் நான் தண்ணீர் டம்ளரைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு வன இலாகாவுக்கு எழுதி அனுப்பிவிட்டார். இலாகாவிலிருந்து ஒரு பையன் பூங்கொத்தோடும் காகிதத்தோடும் வந்தான். வேலை போய்விட்டது.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஏன் பதில் வரவில்லை என்று கேட்கிறாள். அலாஸ்காவில் தபால் விமானம் வந்திருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே எழுது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதே. இப்போதைக்கு எனக்கே தெரியவில்லை.

வெர்ன்

---

யூக்கான் ஆற்றங்கரை
ஜூன் 16, 1985

என் அருமைத் தங்கைக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? வெர்ன் கால் ஆறி வருகிறதா? இதைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே மார்ச்சிலிருந்து மே வரை வானிலை படுமோசம். தபால் விமானம் வாரக்கணக்கில் இறங்கவே இல்லை. உன் இரண்டு கடிதங்களும் மே கடைசியில்தான் சேர்ந்தாற்போல வந்தன. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை.

பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று இத்துடன் இருக்கிறது. சுத்தம் செய்கிற எண்ணெயில் நனைத்து, சிலிண்டரின் ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தக் கரி வளையம் வந்துவிடும். அப்புறம் நீளத் தோட்டா தானாக உள்ளே விழும். குட்டை சுட்ட ஒவ்வொரு நாளும் இதைச் செய்ய வேண்டும். அக்டோபரில் குட்டைத் தோட்டாவைப் பற்றிப் பெரிதாக எழுதினேனே, அப்போதே இதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் உங்களைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

மெர்ல்

---

நார்த் ஃபோர்க்
ஜூலை 7, 1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். வெர்ன் தடியூன்றித் தொழுவம் வரைக்கும் நடக்கிறார். எனக்கு மாவுக்கட்டு அடுத்த வாரம் பிரிப்பார்கள். இது இடதுகை எழுத்து, பொறுத்துக்கொள். உன் முட்டி எப்படி இருக்கிறது?

பிரஷ் வந்தது. நீ எழுதின மாதிரியே தேய்த்தேன். நீளத் தோட்டா ஆறும் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

விமானம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மார்ச் கடைசியில் தபால் பெட்டியைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. வெர்ன் பெயருக்கு உன் கையெழுத்தில் ஓர் உறை இருந்தது. இத்தனை வருஷத்தில் நீ அவருக்குத் தனியாக எழுதினதே இல்லையே! வீட்டுக்கு வந்து கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். மறுபடி ஒட்டி அவரிடமே கொடுத்தேன். அவருக்கு வந்த கடிதம், நான் எப்படி வைத்துக்கொள்ள முடியும்? அப்புறம்தான் உனக்கு ஏப்ரலில் எழுதினேன். மனசு மாறி ஒரு வரி போடுவாய் என்று தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் "உங்கள் கை நடுங்குகிறது" என்பதில் தொடங்க வேண்டும். அதை அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் "நீ முன்னாடி போ" என்றபோது எனக்கு எல்லாம் தெரியும் அண்ணா. என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு நடக்க என் புருஷனுக்குப் பயம். சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். நான் அழுதால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு நான் அதைப் படித்தேன் என்று தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தெரியாத மாதிரியே இருந்துவிடுகிறேன்.

ஆகஸ்டில் வா. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அதற்குள் தீராது. ஆனாலும் வா. ஆப்பிள் மரத்துக்கு முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் கை சரியில்லை.

கீழே இருக்கிற கழுதை வெர்ன் வரைந்தது. மேலே எழுதினதை உள்பக்கமாக மடித்து, அடியை மட்டும் காட்டிக் கொடுத்தேன். காது கோணல், கால் ஐந்து மாதிரித் தெரிகிறது. முகம் உன்னுடையதுதான் என்று சொல்லச் சொன்னார்.

வெர்னிடம் சொல்லாதே.

ஓப்பல்